மருமகளின் பாதி ஆர்க்கும் எங்கள் எல்லை முனியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குப் பொன்னமராவதி வட்டாரத்தில் யார் தண்ணீருக்குப் போர் போட்டாலும் என் வண்டிதான் போய் நிற்கும். பாறைக்குப் பயந்ததில்லை, அதிகாரிக்குப் பயந்ததில்லை. பயந்தது, கட்டைவிரல் உயரம் இருந்த ஒரு பொம்மைக்கு.

மருமகள் மாசமாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மேஜையில் அதைப் பார்த்தேன். பச்சை உடம்பு, உருட்டு விழி, கீழ்த்தாடையிலிருந்து மேலே நீட்டிய இரண்டு கோரைப்பல், கையில் கோடரி. எங்கள் ஊர் எல்லையில் காவல் நிற்கும் முனிக்கும் இதே பல்தான். உக்கிர சாமியை எங்களில் யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. அதுவும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில்! அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பொம்மையைத் துண்டில் பொதிந்து எடுத்துப்போய், முனியின் காலடியில் மண்குதிரைகளுக்கு நடுவே வைத்துச் சூடம் ஏற்றிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

வீடு திரும்பினால் மருமகள் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர். விஷயத்தைச் சொன்னேன்.

“அது சாமி இல்ல மாமா. பாதி ஆர்க்கு. பகடை உருட்டிக் கதையா ஆடுற விளையாட்டுல இவன்தான் என்னோட ஆளு. நானே உக்காந்து பெயிண்ட் அடிச்சது. சாயங்காலம் திருச்சிலேருந்து பிரெண்ட்ஸ் விளையாட வாராங்க, இப்பப் பாத்து…”

“ஆர்க்குன்னா என்னத்தா?”

“அந்தக் கதைல வர்ற, கோரைப்பல்லு வச்ச முரட்டுக் கூட்டம். இவனுக்கு அப்பா அந்தக் கூட்டம், அம்மா மனுசி. ரெண்டு பக்கமும் சேத்துக்கல. தன் கையால பொழச்சவன்.”

“என்னய மாதிரின்னு சொல்லு.”

“ஒங்களுக்குப் பல்லுதான் கொறச்சல்,” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

முனி கோயிலுக்கே திரும்பி ஓடினேன். அதற்குள் பூசாரி பொம்மையின் நெற்றியில் திருநீறு பூசி, அரளிப்பூவும் வைத்துவிட்டார்.

“குடுத்தத திருப்பிக் கேக்குற ஆளா மொதலாளி நீங்க?”

“கேக்குறது நான் இல்லய்யா. மாசமா இருக்குற புள்ள.”

“அப்ப அவருகிட்டயே கேளுங்க.”

வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில் பொட்டலம் கட்டி முனியின் முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் எடுத்துப் போகலாம். சிவப்பு வந்தால் பொம்மை முனிக்கே சொந்தம். குடத்தோடு வந்த பூசாரியின் சம்சாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. எத்தனையோ பேர் காட்டில் போர் இறக்கி, தண்ணீர் வருமா வராதா என்று நின்றிருக்கிறேன். நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

பிரித்தார். வெள்ளை. நான் போட்ட கும்பிட்டில் பூசாரியே சிரித்துவிட்டார்.

சாயங்காலம் மருமகள் திருநீற்றைத் துடைக்காமலேயே அவனை மேஜையில் நிறுத்தினாள்.

“சாமிகிட்ட உத்தரவு வாங்கிட்டு வந்தவன். இன்னைக்கு இவனை ஒருத்தரும் கொல்ல முடியாது.”

“இதெல்லாம் செல்லாது,” என்று திருச்சிப் பிள்ளைகள் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் சிரிப்பு கேட்டது. நான் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன்.