மூன்றாம் முறை கூப்பிட்ட பெயர்

காணி உத்தியோகத்தராகத் துணுக்காய்ப் பக்கம் நான் நடத்திய முதல் காணிக் கச்சேரி, அதாவது நில உரிமை விசாரணை, அது. பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தவர்களைப் பதற்றத்தில் இரண்டு தரம் எண்ணினேன். முப்பத்தேழு பேர். ஆண்கள் ஆறு; ஆறு பேரும் முன்வரிசைக் கதிரைகளில். பெண்கள் முப்பத்தொன்று, பின்னால் நின்றார்கள்.

பதினான்காவதாக விசாரணைக்கு எடுத்த கோவை செல்வராணியுடையது. ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி. அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் கணவர் தவராசாவின் பெயரில். அவர் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். மீளக்குடியேறிக் காடு வெட்டி, கிணறு இறைத்து, நாற்பத்தாறு தென்னை வைத்தவர் செல்வராணி. இப்போது கணவரின் தம்பி அந்தக் காணியைக் கேட்டிருந்தார்.

"மரணச் சான்றிதழ் எடுத்தா உங்கட பேருக்கு மாத்தலாம், அம்மா" என்றேன்.

"செத்ததை நான் காணேல்லை. ஐயா கண்டனீங்களோ?"

தம்பி சிரித்தார். "அண்ணை இல்லையெண்டா காணி எங்கட குடும்பத்துக்குத்தானே. இவா பிறத்தியாள்."

"தென்னை வைக்கேக்க நான் பிறத்தியாள் இல்லை. காய்க்கத் தொடங்கினாப் பிறகுதானோ?"

அப்போதைய வழக்கப்படி பத்திரத்திலுள்ள பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் இல்லாவிட்டால் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதிவிட்டு, உரிமை கோரும் அடுத்த ஆண் உறவினரை விசாரிக்க வேண்டும். கூப்பிட்டேன்.

"தவராசா."

"தவராசா."

மூன்றாம் முறை கூப்பிட்டதும் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"ஓம். நிக்கிறன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் பெண்கள் மட்டும்தான். முன்வரிசையின் ஆறு வாய்களும் மூடியிருந்ததை நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு.

தம்பி கதிரையை விட்டு எழுந்தார். "அண்ணையின்ர குரல்" என்றார். "எனக்கு இந்தக் காணி வேண்டாம், ஐயா. எழுதுங்கோ." கையொப்பம் வைத்துவிட்டு, வந்த சைக்கிளையும் மறந்து நடந்தே போனார்.

செல்வராணி மட்டும் திரும்பவேயில்லை. "நான் எத்தினை தரம் கூப்பிட்டனான். எனக்கு வரேல்லை. கச்சேரி கூப்பிட்டா வாறார்" என்றார்.

விசாரணைப் படிவத்தில் தவராசா வந்தாரா என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். கையொப்பம் இல்லாமல் 'வந்தார்' என்று எழுத முடியாது. குரலைக் கேட்டபின் 'வரவில்லை' என்றும் எழுத முடியவில்லை. காணியை யாரும் பறிக்கவில்லை. ஆனால் பத்திரம் இன்னும் தவராசாவின் பெயரில்தான். அதனால் செல்வராணிக்கு வீட்டுத்திட்டமும் கிடைக்கவில்லை, வங்கிக் கடனும் கிடைக்கவில்லை. அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் காணிக்குப் போங்கள். மரங்களை எண்ணுங்கள், நட்டவர் யாரென்று கேளுங்கள், அவரை முன்வரிசையில் இருத்துங்கள். பத்திரத்தைப் பிறகு பார்க்கலாம். ஓய்வுபெறும்வரை நான் அப்படித்தான் செய்தேன்.

பெயர் கூப்பிட நேர்ந்தபோதெல்லாம், இரண்டு முறையோடு நிறுத்திவிடுவேன்.