படகில் ஐந்தாவது ஆள்

நாற்பது அட்டைகளையும் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேட் பண்ணி வாங்கிக்கொண்டு தருமபுரத்து வீட்டுக்கு வந்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூட ஞாபகமில்லை. வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்து, கையில் ஓர் அட்டையைத் திணித்து, "ரெண்டும் ரெண்டும் எத்தனை?" என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். என் போன் கேமரா அதைப் பார்த்த அடுத்த நொடி, திரையில் பச்சை டிக் விழுந்தது. நான் கைதட்டிக் குதித்தேன்.

"நாலுன்னு சொன்னதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் அவர்.

அவருக்கு எங்கே புரியப்போகிறது? கோட்டுச்சேரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பது வருடமாக நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். சிவப்புப் பேனாவால் சரி, தப்பு, சரி, தப்பு என்று போட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் பிள்ளைகள் அந்தக் கணக்கையே மறந்திருப்பார்கள். இப்போது பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த இந்த அட்டை முறையில், கேள்வி கேட்ட நிமிடமே யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும். பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை போதும். அதில் கறுப்புக் கட்டங்கள் இருக்கும். நான்கு பக்கமும் பொடி எழுத்தில் அ, ஆ, இ, ஈ. எது விடையோ அந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அடிக்கவும் முடியாது. இந்தக் கடைசி விஷயத்தை ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு நானே அதை மறந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் தலைமை ஆசிரியை ஓர் உத்தரவு போட்டார். பத்துக்கு ஐந்துக்குக் கீழே வாங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு மாதம் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை சிறப்பு வகுப்பு. எட்டாம் வகுப்புக்கான பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் நான் கொடுக்க வேண்டும்.

பட்டியல் என்றதும் விளையாட்டு ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். அடுத்த மாதம் கபடிப் போட்டி. பயிற்சியும் அதே நாலு மணிக்குத்தான். "டீச்சர், உங்க செவப்புப் பட்டியல்ல என் கபடி டீம் பொண்ணை மட்டும் சேத்துடாதீங்க. அவ இல்லன்னா நாங்க போயிட்டுச் சும்மா திரும்பி வரவேண்டியதுதான்" என்றார்.

அவர் சொன்ன பெண் திருவேட்டக்குடி மீனவ வீட்டுப் பிள்ளை. மெலிந்த உடம்பு, பாடிக்கொண்டு எதிர்க்களத்துக்குள் புகுந்தாள் என்றால் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாள். கணக்கு வகுப்பில் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். தேர்வுக்கு முதல் நாள் வராந்தாவில் என்னை நிறுத்தி, "டீச்சர், நான் அஞ்சு மார்க்குக்கு மேல எடுத்துடுவேன்ங்க. என் பேரை எழுதிடாதீங்க" என்றாள். "எடுத்தா நான் ஏன் எழுதப்போறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தேர்வுக்கு நான் செய்த தயாரிப்பைச் சொல்ல வேண்டும். உள்ளூர் வாழ்க்கையிலிருந்து கேள்வி எடுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நானும் என் சாமர்த்தியத்தை எல்லாம் காட்டினேன். பத்துக் கேள்வியில் நாலு படகுக் கேள்வி. முதலாவது, நான் வருடா வருடம் நோட்டில் கொடுத்துவந்த பழைய கணக்குதான்: நான்கு பேர் ஒரே படகில் போய் அறுபது கூடை மத்தி கொண்டு வந்தார்கள், சமமாகப் பங்கு பிரித்தால் ஒருவருக்கு எத்தனை கூடை? விடை பதினைந்து. தவறான விடைகளும் நம்பும்படியாக இருக்க வேண்டும் என்பதால், ஆளை ஒன்று கூட எண்ணி ஐந்தால் வகுத்தால் வரும் பன்னிரண்டையும், ஒன்று குறைத்து எண்ணினால் வரும் இருபதையும், சும்மா ஒரு பத்தையும் போட்டேன். மற்ற மூன்று படகுக் கணக்குக்கும் இதே சூத்திரம்தான். இத்தனைக்கும் கடலுக்கு அரை மணி நேரத் தூரத்தில் பிறந்து வளர்ந்த நான், பீச்சில் சுண்டல் தின்றதைத் தவிர கடலோடு எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொண்டதில்லை.

புதன்கிழமை காலை தேர்வு. முப்பத்தெட்டு அட்டைகள் ஒரே நேரத்தில் உயர்ந்ததைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகும் அளவுக்குச் சந்தோஷம் வந்தது. போனை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தினேன். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிக் ஆகின. பத்துக் கேள்வியும் இருபதே நிமிடத்தில் முடிந்தது. நோட்டுக் கட்டு இல்லை, சிவப்புப் பேனா இல்லை.

முடிவைத் திறந்தேன். பதினொரு பேர் சிவப்பு. கபடிக்காரிக்குப் பத்துக்கு நாலு.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியாகத் தொட்டுப் பார்த்தேன். யார் எந்த விடையைப் பிடித்தார்கள் என்று அந்தச் செயலி பெயரோடு காட்டும். அந்தப் பதினொரு பேரும் நாலு படகுக் கணக்கையும் தப்பாகச் செய்திருந்தார்கள். அது பரவாயில்லை. எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். நாலிலும் ஆளை ஒன்று கூட்டி வகுத்த விடை. பதினொரு பேருக்கும் ஊர் திருவேட்டக்குடி.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் புது அட்டையிலேயே காப்பியா? அடுத்த பீரியடு வகுப்புக்குள் போன வேகத்தில் பதினொரு பேரையும் எழுப்பி நிறுத்தி, ஒரே ஊர்க்காரர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறீர்களா என்று கத்தினேன். கபடிக்காரி மட்டும், "காப்பி அடிக்கலங்க டீச்சர்" என்றாள்.

"பின்ன எப்படி எல்லாருக்கும் ஒரே தப்பு வரும்?"

"எல்லா அட்டையும் வேற வேறன்னு நீங்கதானே சொன்னீங்க. எப்படிங்க பாத்து அடிக்கிறது?"

அவள் சொன்னது சரிதான். கேள்வி என்ன வருமென்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. உட்கார்ந்ததும் வேறு வேறு பெஞ்சு. காப்பி அடிக்க வழியே இல்லை. ஆனாலும் கிளம்பின கோபம் அவ்வளவு சீக்கிரம் அடங்குமா?

"சரி, அப்படின்னா எண்ணத் தெரியலையா? படகுல எத்தனை பேரு?"

"நாலு பேருங்க."

"நாலு பேருன்னு தெரியுது, அஞ்சால வகுத்திருக்க. யாரு அந்த அஞ்சாவது ஆளு? பாய்க்குள்ள சுருண்டு படுத்திருக்கானா?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"படகுங்க டீச்சர்."

"என்னது?"

"அஞ்சாவது பங்கு படகுக்குங்க. ஆளுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு. எல்லாம் சமமாத்தான் பிரிப்பாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல மெதுவாக விளக்கினாள். "படகுக்குக் குடுக்கலன்னா, ஓட்டை விழுந்தா யாருங்க அடைக்கிறது? வலை பிஞ்சா யாரு வாங்குறது?"

அறுபதை ஐந்தால் வகுத்தால் பன்னிரண்டு. மேசையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணக்குத் தெரியாத பிள்ளைகள் என்று நான் எழுப்பி நிறுத்திய பதினொரு பேரும் வகுத்தலில் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். காகிதத்தில் எழுதியிருந்தால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பேன். பதினொரு தப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தச் சின்னத் திரை காட்டியதால் அல்லவா கேட்டேன்! அதையும் திட்டித்தான் கேட்டேன் என்பது வேறு விஷயம். "உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க" என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

அதே வேகத்தில் தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தப்புன்னா தப்புதானேம்மா. பரீட்சைத் தாள் திருத்துறவங்க படகுக்குப் பங்கு குடுக்க மாட்டாங்க" என்றார்.

"அது சரிங்க மேடம். ஆனா அதைச் சொல்லிக்குடுக்க ரெண்டு நிமிஷம் போதும். அதுக்கு ஒரு மாசம் சிறப்பு வகுப்பா?"

"ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சிடுமா?"

"நாளைக்கு நீங்களே வந்து பாருங்க."

அன்று ராத்திரியே உட்கார்ந்து படகுக் கேள்விகளை மாற்றி எழுதினேன். வியாழக்கிழமை காலை கேள்வியில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பங்கு போட வேண்டும் என்று உண்மையிலேயே இரண்டு நிமிடம் விளக்கினேன். தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மிச்சமிருந்த ஓர் அட்டையை அவர் கையிலும் கொடுத்தேன். சுவரில் இருந்த பெரிய திரையில் என் போனை இணைத்தேன். யார் பச்சை, யார் சிவப்பு என்று எல்லோரும் பார்க்கலாம்.

மாற்றி எழுதிய படகுக் கேள்விகள் நாலு. இரண்டில், "ஆட்களுக்கு மட்டும் பங்கு" என்று எழுதியிருந்தேன். இரண்டில், "படகுக்கும் ஒரு பங்கு". முதல் வகைக் கேள்விகளுக்குப் பதினொரு பேரும் பச்சை. கபடிக்காரியின் பெயர் பச்சையானதும் யாரோ விசில் அடித்தார்கள், கேட்காததுபோல இருந்துகொண்டேன். பிறகு "எட்டுப் பேர், ஒரு படகு, படகுக்கும் ஒரு பங்கு, மொத்தம் எழுபத்திரண்டு கூடை" என்று கேட்டேன். திருவேட்டக்குடி அட்டைகள் சட்டென்று உயர்ந்தன. என்றைக்கும் முந்திக்கொள்ளும் டவுன் பிள்ளைகள் தடுமாறினார்கள். பாதிப் பேர் ஒன்பது என்று பிடித்து, திரையில் சிவப்பைப் பார்த்து அலறினார்கள். எட்டுக் கூடைதானே வரும்! கடைசி பெஞ்சு அட்டையும் ஒன்பதில்தான் நின்றது. தலைமை ஆசிரியை திரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அதை மெதுவாகத் திருப்பினார். திரையில் சிவப்பு பச்சையானதை முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அவரும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். போகும்போது, "பட்டியலைத் திருத்திக் குடுத்துடும்மா" என்றார். பதினொரு பேரில் ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கு மற்றக் கேள்விகளில் வந்த பின்னக் கணக்கில் உண்மையாகவே உதவி தேவைப்பட்டது. அதுவும் இப்போது சரியாகத் தெரிந்தது. சாயங்காலம் மணி அடித்ததும் கபடிக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"டீச்சர், எங்க அக்காவும் அந்தப் படகுக் கணக்குக்குப் பன்னெண்டுன்னுதாங்க எழுதினா."

"எந்த அக்கா?"

"ஆறு வருஷம் முன்னாடி உங்கக்கிட்டதாங்க படிச்சா. கணக்கு வராதுன்னு சொன்னீங்கள்ல, அதான் ப்ளஸ் ஒன்ல கணக்குப் பாடம் எடுக்கல. இப்ப எங்க ஊர்ல அஞ்சு படகுக்கு அவதாங்க பங்கு பிரிக்கிறா." சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

அவளைப் பொறுத்தவரை அது ஒரு செய்தி, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. அந்த அக்காவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் நோட்டில் நான் போட்ட பெருக்கல் குறிகளும் வந்தன. எத்தனை நோட்டு, எத்தனை வருடம்!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஸ்கூட்டரைத் திருவேட்டக்குடிக்கு விட்டேன். கரையில் படகுகள் ஏறியிருந்தன. கூடைகளுக்கு நடுவே அந்த அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை. "அண்ணே, உங்களுக்கு இன்னும் ஒண்ணு வரணும்" என்று ஒருவருக்கு எடுத்து வைத்துவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர்!" என்று கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

வழி நெடுக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "உன் கணக்கெல்லாம் சரிதாம்மா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் கூடைகளைப் பார்த்தாள். பிறகு, "அது எனக்கு அப்பவே தெரியுங்க டீச்சர்" என்றாள். "ஏன் பன்னெண்டுன்னு ஒரு தடவை கேட்டிருந்தீங்கன்னா சொல்லிருப்பேன்."