பெரியம்மாவின் புல் வெட்டும் மெசின்

பெரியம்மா எஞ்சின் வாங்கப் போவதாகச் சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எதையும் முடிவு செய்த பிறகுதான் மற்றவர்களிடம் அபிப்பிராயம் கேட்பார். அதுவும் ஒரு மரியாதைக்காக.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் அவர்களுடைய வீடு இருந்தது. சுற்றிவர மாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. ஆனாலும் அந்த வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டுப் புற்றரை மிஞ்சியிருந்தது. பெரியப்பா அதை ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வெட்டுவார். அதற்கென்று பழைய மெசின் ஒன்று வைத்திருந்தார். முன்னால் சுழலும் கத்திகள், பின்னால் கனத்த இரும்பு உருளை, இடுப்பளவு உயரத்தில் அகலமான கைபிடி. எஞ்சின் ஓடினால் மெசின் தானாகவே உருளும். பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பெரியப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கால் இழுபட்டது, பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தவர்தான், எழும்பவேயில்லை. நடந்து பழகினால் கால் திரும்பவும் வரும், இல்லாவிட்டால் இப்படியே போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கனடாவிலிருந்த அண்ணா, பெரியம்மாவின் மகன், உடனே அலுமினிய நடைச்சட்டம் ஒன்றுக்கு ஒழுங்கு செய்தார். பெரியப்பா அதைத் தொடவும் மறுத்துவிட்டார். அது கிழவர்கள் பிடிக்கிற சாமான் என்றார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது.

இதற்கிடையில் புல் முழங்கால்வரை வளர்ந்துவிட்டது. டெங்கு பரிசோதனைக்கு வந்தவர்கள் வளவைத் துப்புரவாக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியம்மா மெசினை வெளியே எடுத்தார். கயிற்றை இழுத்தால் அது அசையவேயில்லை. பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. புதிய மெசின் வாங்குங்கள் என்று அண்ணா போனில் சொன்னார். தோளில் மெசின் கொழுவிப் புல் வெட்டுகிறவன் ஒருவனைக் கூப்பிடுவோம் என்றார் அம்மா.

“மெசின் நல்லாத்தான் இருக்கு, எஞ்சின்தான் போச்சு. அப்ப எஞ்சினை மாத்தினாச் சரிதானே?” என்றார் பெரியம்மா.

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு த்ரீவீலரில் பஞ்சிகாவத்தைக்குப் போனார். உதிரிப்பாகக் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தெரு அது. தண்ணீர்ப் பம்புகளுக்குப் பூட்டுகிற சிவப்பு நிறச் சீன எஞ்சின் ஒன்றை, இருப்பதிலேயே மலிவானதை, சிங்களத்தில் அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கினார். வரும் வழியெல்லாம் அது எங்கள் இருவர் நடுவிலும் ஒரு விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது.

இரத்மலானையிலிருந்து ஒரு பாஸ் வந்தார். மெக்கானிக்குகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய எஞ்சினின் ஆணித் துளைகள் ஒரு பக்கம், புதியதன் துளைகள் வேறு பக்கம். அவர் ஒரு தடித்த இரும்புத் தகட்டில் புதிதாகத் துளை போட்டு, பெல்ட் மாட்டி, பின்னேரத்துக்குள் பூட்டி முடித்துவிட்டார். முதல் இழுவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெரியம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைபிடியைப் பிடித்தார்.

பழைய எஞ்சின் நிதானமாக ஓடும் சாதி. இது அப்படியல்ல. நெம்புகோலைத் தட்டியதும் மெசின் பாய்ந்தது, பெரியம்மாவும் பின்னால் பாய்ந்தார். ஒரு செருப்பு வழியில் கழன்றது. கையை விட்டிருக்கலாம்தான், ஆனால் அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. இருவரும் செவ்வரத்தை வேலியைப் பிளந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குள் புகுந்து, கொடியில் காய்ந்த சேலை ஒன்றையும் சுற்றிக்கொண்டு மதிலில் முட்டி நின்றார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியம்மா வேலிக்குள்ளால் தலையை நீட்டினார். தலையில் செவ்வரத்தை இலைகள். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். பெரியப்பா கதவு நிலையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. “என்ர மெசின்... உடைக்கப் போறாய்” என்று குழறினார். கதிரையிலிருந்து வாசல்வரை அவரை யாரும் கொண்டுவந்து விடவில்லை.

இனி அந்தச் சனியனைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். பெரியம்மா அடுத்த நாளே பாஸைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு பேப்பரில் ஏதோ வட்டங்கள் கீறிக் காட்டினார். பெல்ட் சுற்றும் சில்லுகளில் எஞ்சின் பக்கத்துச் சில்லு இன்னும் சின்னதாக, உருளைப் பக்கத்துச் சில்லு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். மெசின் ஊர்ந்தால் போதும். கையை எடுத்த கணமே நின்றுவிட வேண்டும். பாஸ் தலையைச் சொறிந்தார். இவ்வளவு மெதுவாக ஓடினால் கத்தி சரியாக வெட்டாது மிஸ் என்றார்.

“வெட்டாட்டிப் பரவாயில்லை, நீங்கள் பூட்டுங்கோ.”

எனக்குப் பெரிய ஏமாற்றம். பாய்ந்து போகிற ஒரு மெசினைக் கொண்டுவந்து நத்தையாக்கிவிட்டார்களே என்றிருந்தது.

சில்லு மாற்றிய முதல் நாள் பெரியம்மா அதை வேண்டுமென்றே கோணல்மாணலாக ஓட்டினார் என்று இப்போது நினைக்கிறேன். வாசலில் நின்ற பெரியப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்து, பெரியம்மாவின் கையைத் தள்ளிவிட்டுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டார். மெசின் ஊர்ந்தது. அவர் காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனார். கனத்த உருளை இருந்ததால் மெசின் அவர் பாரத்துக்குச் சரியவில்லை. பெரியம்மா கூடவே நடந்தார், அவரைத் தொடாமல், ஆனால் கையெட்டும் தூரத்தில். மதில்வரை போய்த் திரும்பும்போது பெரியப்பாவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவர் புல் வெட்டினார். சில கிழமைகள் போனதும் பெரியம்மா கூட நடப்பதை விட்டுவிட்டுக் குசினி யன்னலோடு நின்றுகொண்டார். ஒருநாள் நான் புற்றரையில் குப்புறப் படுத்து உற்றுப் பார்த்தேன். மெசின் போன இடத்தில் ஒன்றுமே விழவில்லை. வெட்டுவதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை. ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே, “இருக்குது. வடிவாப் பார்” என்றார்.

திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். “பெரியப்பா, புல்லே இல்லை. நீங்கள் சும்மா நடக்கிறீங்கள்.”

அவர் கையை எடுத்தார். மெசின் நின்றது. குசினி யன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“பெரியம்மாவுக்குச் சொல்லாத. அவ நான் புல்லு வெட்டுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அன்று தேத்தண்ணீர் ஊற்றும்போது, புல் எப்படி என்று பெரியம்மா கேட்டார். நான் தவறுதலாகப் பார்த்துவிட்டேன் என்றும், கட்டுக்கட்டாக விழுகிறது என்றும் சொன்னேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, என் தேத்தண்ணீருக்கு இன்னுமொரு கரண்டி சீனி போட்டார். பெரியம்மாவைப் போன்ற ஒருவரை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிகிறதே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.