ஆரோக்கியத்தின் சக்களத்தி

என் தங்கை ஆரோக்கியத்தை, செஞ்சி கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த யாகப்பனுக்குக் கட்டிக்கொடுத்தது நான்தான். ஆகவே பிற்பாடு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டான் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் கொடுத்தேன். "வேறு ஏதாவது கிறுக்கு உண்டா?" என்று கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும், நீங்களே சொல்லுங்கள்?

யாகப்பனுடைய கிறுக்கு, தடித்த சத்தம். மெல்லிய சத்தம் எதுவும் அவனுக்கு ஆகாது. புல்லாங்குழல் கேட்டால் பல் கூசுகிறது என்பான். எருமை கத்தினால் நின்று கேட்டுவிட்டுப் போவான். அனந்தபுரம் சந்தையில் பானை வாங்கும்போது ஊரே விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். இவன் எது கீழ்க்குரலில் பேசுகிறது என்று தட்டிப் பார்த்து, விரிசல் விட்ட பானையை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வருவான். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்டவர் அவனுக்குக் கொடுத்தது கீச்சுக்குரல். பின்னாலிருந்து "மச்சான்" என்று அவன் கூப்பிட்டால், யாரோ பள்ளிக்கூடத்துப் பெண் என்று நினைத்துத்தான் நான் திரும்புவேன்.

முதலில் ஒரு கித்தார் வைத்திருந்தான். அதிலிருந்த மெல்லிய கம்பிகளைக் கொசு என்று திட்டிக் கழற்றிப் போட்டான். அவற்றின் இடத்தில் தடித்த கம்பிகளைப் போட்டு, முறுக்கு முறுக்கு என்று முறுக்கினான். ஒரு நாள் கித்தாரின் கழுத்து தனியாக, உடம்பு தனியாகக் கிடந்தது.

"சத்தம் வந்துதா மாப்ள?" என்று கேட்டேன்.

"வந்துது மச்சான். ஒடையறப்போ நல்லா வந்துது" என்றான். அவன் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

உலகச் சண்டை முடிந்த வருஷம், புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் சொந்த ஊருக்குக் கப்பலேறுகிறார், வீட்டுச் சாமான்களைக் கொடுத்துவிடுகிறார் என்று சேதி வந்தது. ஆரோக்கியத்துக்கு ரொம்ப நாளாக ஒரு கட்டில் வேண்டும். தேக்குக் கட்டிலாகப் பார்த்து வாங்கி வாருங்கள் என்று அவனோடு என்னையும் அனுப்பினாள். கட்டில் இருந்தது, நல்ல கட்டில்தான். அதன் பக்கத்தில் சுவரோரம் பிடில் மாதிரி ஒன்று நின்றது. பிடிலைத் தோளில் வைத்துக்கொள்ளலாம். இதன் தோள்தான் நம் தோளுக்கு மேலே இருந்தது. அதற்கு பாஸ் என்று பெயராம். யாகப்பன் மிச்சமிருந்த கம்பிகளில் ஒன்றை ஒரு விரலால் இழுத்து விட்டான். என் வயிற்றில் என்னவோ நகர்ந்தது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கட்டில் போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

திரும்பி வந்த கதையைக் கேளுங்கள். பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டிய அந்தக் காலத்துக் கரி பஸ். கண்டக்டர், துணி போர்த்திய உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பொணம்னா சொல்லிடுய்யா. மேல ஏத்திக்கலாம், உள்ள கூடாது" என்றார். மேலேயே ஏற்றினோம். உருண்டு விடாமல் கட்டிப் பிடித்துக்கொள்ள நானும் மேலே. பஸ் நின்ற ஊரிலெல்லாம் ஜனங்கள் என்னைப் பார்த்துத் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு கும்பிட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு பெரியவர், "யாருப்பா தவறிட்டாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "எங்க மாப்ளயோட புத்திங்க" என்றேன்.

வீட்டில் இருந்ததே ஒரு அறை. கட்டில் போடப் பெருக்கி, மெழுகி வைத்திருந்த இடத்தில் அது போய் நின்றுகொண்டது. ஆரோக்கியம் அதை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, கட்டில் வாங்கியாரச் சொன்னா சக்களத்தியக் கூட்டியாந்து நிறுத்திட்டீங்க?"

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

யாகப்பன் அதைச் சும்மா விட்டானா? பாதிக் கம்பிகள் இல்லை. தெருவில் மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிற பாய் ஒருவர் வில்லைத் தட்டிக்கொண்டு போனார். அந்த வில்லில் கட்டியிருந்த நரம்பு டொம் டொம் என்று பேசியது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன், டியூப்பைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு அவர் பின்னாலேயே வல்லம் வரைக்கும் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு நரம்பு வாங்கி வந்தான். இன்னொன்றுக்குச் சைக்கிள் பிரேக் கம்பி போட்டான். கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டைக் குதிரை என்பார்கள். பழைய குதிரை உளுத்துப்போயிருந்தது. அதற்கு நல்ல காய்ந்த பலாமரம் வேண்டும் என்றான். மறுநாள் ஆரோக்கியம் கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தபோது, அரிவாள்மனையில் அரிவாள் இருந்தது, மனை இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட சத்தத்துக்குக் கம்பியே தேவைப்படவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த பாஸ் தானாகவும் பேசும். கரி பஸ் உறுமிக்கொண்டு தெருவில் போனால், யாரும் தொடாமலே மூலையிலிருந்து 'ஊம்' என்று பதில் சொல்லும். ஆரோக்கியம் அடுப்படியிலிருந்து வந்து கம்பிகளின் மேல் உள்ளங்கையை அழுத்தி, "வாய மூடுடி" என்று அதட்டுவாள். அது மூடிக்கொள்ளும். கட்டின புருஷன்கூட அவள் பேச்சுக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்கியதில்லை.

பாஸ்கா என்னும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் பிறந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"தபேலா வெச்சிருக்கறவன கல்யாணத்துக்குக் கூப்புட்றாங்க. மோளம் வெச்சிருக்கறவன சாவுக்குக் கூப்புட்றாங்க. இத எவனாச்சும் எதுக்காச்சும் கூப்ட்டானா? பாஸ்கா பூசையில கோயில்ல வாசிக்க விட்டாங்கன்னா இருந்துட்டுப் போவட்டும். இல்லன்னா இத அறுத்து எனக்குக் கட்டில். அண்ணா, நீங்கதான் சாட்சி."

யாகப்பன் அந்தோணியார் படத்தின் முன்னால் நின்று சரி என்று சத்தியம் செய்துவிட்டான். அவசரக்குடுக்கை.

கோயிலில் பாட்டுக்கெல்லாம் பொறுப்பு உபதேசியார் லூர்துநாதன். கனத்த குரல், அவர் அடிக்குரலில் இறங்கினால் மெழுகுவத்தி ஆடும். அவருக்கு இந்த வாத்தியத்தைப் பார்க்கவே ஆகவில்லை. "கோயிலா, மாட்டுத் தொழுவமா?" என்றார். பூசை வைக்கும் சாமியார் இளகிய மனசுக்காரர். ஒரு நிபந்தனை போட்டார். பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால், பெரிய சனிக்கிழமை காலைப் பூசையில் உயிர்ப்பின் மணி அடிக்கும் வரை கோயிலில் மணியும் கிடையாது, வாத்தியமும் கிடையாது; மரக்கட்டையைத்தான் தட்டுவோம். "அந்த மணி அடிச்சப்புறம் தாராளமா வாசி. அதுக்கு முன்னாடி ஒரு முனகல் கேட்டாலும் வெளிய போயிடணும், அப்புறம் உள்ள வரவே கூடாது" என்றார்.

வண்டி கிடைத்தது புதன்கிழமை. அன்றைக்கே கொண்டுபோய், பெண்கள் பக்கம் முன் மூலையில் நிறுத்தினோம். தூக்கியது யார் என்று கேட்காதீர்கள். அந்த வாரம் சுரூபங்களுக்கெல்லாம், அதாவது கோயில் சிலைகளுக்கெல்லாம், ஊதாத் துணி போர்த்தியிருக்கும். உபதேசியார், இந்த மூஞ்சியை யார் பார்ப்பது என்று இதற்கும் ஒரு ஊதாத் துணியை எடுத்து மேலே தொங்கவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் வந்த பெண்கள், புதிதாக ஏதோ சுரூபம் வந்திருக்கிறது என்று தொட்டு முத்தமிட ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கியம் கிழவி துணிக்கு மேலாகத் தடவிப் பார்த்து, "நல்லா அகலமான சம்மனசு" என்றாள். சம்மனசு என்றால் தேவதூதர்.

பெரிய வெள்ளிக்கிழமை. கோயில் கொள்ளாத கூட்டம். உபதேசியார் முன்னால் நின்று, ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளின் ஒப்பாரியைத் தொடங்கினார். அவர் அடிக்குரலுக்கு இறங்கிய இடத்தில் மூலையிலிருந்து 'ஊஊம்' என்று வந்தது.

உபதேசியார் நிறுத்தினார். அதுவும் நிறுத்தியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினார். அதுவும் தொடங்கியது.

என் பக்கத்தில் முழங்காலில் நின்ற யாகப்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "மச்சான், நான் தொடல மச்சான். அவரு கொரலுக்குத்தான் அது பேசுது, பஸ்ஸுக்குப் பேசறாப்பல" என்றான். சாமியார் தலையை நிமிர்த்தி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். பெண்கள் பக்கம் சலசலப்பு. "ஐயோ, சம்மனசு அழுவுதுடி!" என்று பாக்கியம் கிழவி மார்பில் அடித்துக்கொண்டாள்.

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவள் அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். இன்னொரு தரம் முனகினால் போதும், கட்டில் அவளுடையது. சும்மா உட்கார்ந்திருந்தால் முடிந்தது காரியம். அவள் ஊதாத் துணியைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஆண்கள் பக்கம் தேடி, யாகப்பனைப் பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பன் முகம் மாதிரி இருந்தது அது.

உபதேசியார் மறுபடி மூச்சை இழுத்தார். ஆரோக்கியம் விசுக்கென்று எழுந்தாள், நேரே போனாள், துணியோடு சேர்த்துத் தன் சக்களத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கப்சிப்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உபதேசியார் பார்த்தது என்ன? தம் பாட்டைக் கேட்டு ஒரு பெண் மனம் பொறுக்காமல் ஓடிப்போய்ச் சுரூபத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். அந்த மூலையில் நின்றது சுரூபமில்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது. மனுஷர் உருகிப்போய், ஒப்பாரியை முதலிலிருந்து ஆரம்பித்தார். அடிக்குரல் வரும் இடங்களை மட்டும் இரண்டிரண்டு தரம் பாடினார். ஆரோக்கியத்தால் கையை எடுக்க முடியவில்லை. அவள் குலுங்கியது அழுகையால் இல்லை, சிரிப்பை அடக்கியதால் என்று எனக்குத்தான் தெரியும். பாக்கியம் கிழவியும் தாங்க முடியாமல் எழுந்துபோய் மறுபக்கம் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். கடைசியில் அந்த பாஸைக் கண்ணால் காண முடியவில்லை.

முடிந்ததும் உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எத்தினியோ வருசமா பாடறேன் மதலைமுத்து. உந்தங்கச்சி மாதிரி யாரும் அழுததில்லப்பா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சாமியார் மட்டும் ஆரோக்கியத்தை ஒரு மாதிரி பார்த்து, இருமிக்கொண்டே உள்ளே போனார். வாத்தியத்தை வெளியே எடு என்று அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை. மணி அடித்தது. சுரூபங்களின் துணிகள் விழுந்தன. மூலையிலும் துணி விழுந்தது. பாக்கியம் கிழவி அந்த மர வயிற்றைப் பார்த்து, "மரியே, இதையா?" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். யாகப்பன் புது வேட்டி, புதுச் சட்டையோடு பாஸை அணைத்துக்கொண்டு வாசித்தான். விரல் பறந்தது, நெற்றி வேர்த்தது. ஆனால் பெரிய மணி, கைமணி, மேளம், வெளியே வெடி, உள்ளே முந்நூறு பேர் தொண்டை. நான் கூப்பிடு தூரத்தில் நின்றேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவன் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டான். "கேட்டுதா?" உபதேசியார், "அட, வாசிச்சியா?" என்றார். என்னிடமும் வந்தான். மணிச் சத்தத்தில் சரியாக விளங்கவில்லை என்று மென்று விழுங்கினேன்.

யாகப்பன் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டான். வாத்தியத்தைச் சுவரில் சாய்த்து, அதன் வயிற்றை ஒரு தரம் தடவினான்.

"அறுத்துடலாம் மச்சான். கட்டிலாச்சும் மிஞ்சும்" என்றான். அந்தக் கீச்சுக்குரல் அன்றைக்கு இன்னும் சின்னதாக இருந்தது.

ஆரோக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டே வந்தாள். "எதுக்கு அறுக்கணும்? அதான் வாசிக்க வுட்டாங்களே. எனக்குக் கேட்டுது."

"சும்மா சொல்ற."

"இன்னாத்துக்குச் சும்மா சொல்றேன்? பாதியில, மேளம் ஏறுச்சே, அங்க ஒரு எடத்துல தடுமாறி ரெண்டு தட்டு வுட்டுட்டு அப்புறம் வந்து சேந்துகினியே. தூண்ல சாஞ்சிகினு நின்னேன். முதுவு பூரா கேட்டுது."

யாகப்பன் அவளையே பார்த்தான். காதுவரை சிவந்துவிட்டது.

"ஆமா. பிரேக் கம்பி வழுக்கிடுச்சு" என்றான்.

"வழுக்காத கம்பியா பாத்துப் போடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னாண்ணா மரமா நிக்கிறீங்க? தூக்குங்க. அவள எம்மா நேரம் வெயில்ல நிறுத்தி வெப்பீங்க?"

தூக்கினேன்.