விக்லிக்கு வராத கடிதம்

லண்டன் தெருப் புத்தகத்தில் விக்லியைத் தேடினால் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தின் ஓரத்தில், பாதி ஊர் தையலுக்குள் மறைந்து கிடக்கும். மாநகரத்தின் கிழக்கு விளிம்பில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடம் அது. சனத்தொகை முன்னூற்றுப் பன்னிரண்டு. அம்பலவாணன் வந்து குடியேறிய பிறகு முன்னூற்றுப் பதின்மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவரை யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

1993 ஆவணியில் அவர் அங்கே வந்தார். லண்டனைச் சுற்றிப் போகும் பெரிய வளைய வீதி திறந்ததோடு ஊர் வழியே ஓடிய லொறிகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. அதனால் ஊர் எல்லையில் இருந்த பெற்றோல் நிலையத்தை நடத்த வெள்ளைக்காரர் எவரும் முன்வரவில்லை. ஆனந்தராஜா என்ற நம்மவர் ஒருவர் அதை எடுத்து, காலை ஷிப்டுக்கு அம்பலவாணனைக் கொண்டுபோய் நிறுத்தினார். வேலை விடியற்காலை ஆறிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. இரண்டு மணிக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு மனிதன் என்ன செய்யலாம்? ஒன்றும் செய்யமுடியாது. நடக்கலாம். அம்பலவாணன் நடந்தார்.

நடந்து நடந்தே ஊரை மனப்பாடம் செய்துவிட்டார். எண்ணூறு வருஷத்துத் தேவாலயம் ஒன்று, மதுச்சாலை ஒன்று. தபால் கந்தோரும் பலசரக்குக் கடையும் ஒரே கூரையின் கீழ். வாத்துகள் நீந்தும் குளம், புதன்கிழமைகளில் கிழடுகட்டைகள் சீட்டாடும் ஊர் மண்டபம், சிவப்பு ரெலிபோன் பெட்டி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நூலக வான் வரும். டொக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தை 1979இல் மூடி யாரோ வங்கிக்காரருக்கு வீடாக விற்றுவிட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் போகிற பஸ், முன்பெல்லாம் நாளுக்கு நாலு முறை ஓடியதாம், இப்போது செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும்தான். இங்கிலாந்தின் கிராமங்களைப் பற்றி வர்ணப் படம் போட்டு நாட்காட்டி அடிக்கிறவர்களுக்கு இந்தப் பஸ் விவரம் தெரியாது.

அவர் வாடகைக்கு இருந்தது பழைய கொல்லன் பட்டறை ஒன்றின் பின்னறையில். மூடிய பள்ளிக்கூடத்தின் கடைசி ஆசிரியை மிஸ் ஓல்டஸ்தான் வீட்டுக்காரி. கல்யாணம் செய்யாதவள், கொஞ்சம் காது மந்தம், நல்ல மனுஷி. வீட்டுக்கு இலக்கம் கிடையாது. ‘பழைய பட்டறை, தேவாலய ஒழுங்கை, விக்லி.’ அவ்வளவுதான் விலாசம்.

இந்த விலாசத்தில்தான் அம்பலவாணன் பிழை விட்டார்.

அவர் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், பதினான்கு வருஷம் கிளாக்கராக இருந்தவர். படிவம், முத்திரை, முடிவு திகதி எல்லாம் அவருக்கு இரத்தத்தில் ஊறியது. முடிவு திகதிக்கு மறுநாள் மூச்சிரைக்க ஓடிவந்த எத்தனையோ பேரை, ‘நேற்றோட முடிஞ்சுது’ என்று திருப்பி அனுப்பியவர். 1991இல் லண்டனுக்கு வந்து அகதி அந்தஸ்துக் கேட்டார். குரோய்டனில் இருக்கும் குடிவரவுக் கந்தோருக்குப் போய்ப் பேட்டியும் கொடுத்தாயிற்று. மனைவி செல்வமலரும் மகள் வதனாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் அறையெடுத்து மூன்று வருஷமாகக் காத்திருந்தார்கள். அவருக்கு அந்தஸ்துக் கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால், மறுப்புக் கடிதம் கொடுத்த விலாசத்துக்கு வந்து பத்து நாளுக்குள் அப்பீல் போடவேண்டும். பத்து நாள் தாண்டினால் கதை முடிந்தது. இது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஆனால் வீட்டுக்கு இலக்கமில்லாத ஒரு விலாசத்தைக் குரோய்டனில் யார் நம்புவார்கள்? கள்ள விலாசம் என்று நினைத்துவிட்டால்? பிள்ளையார் கோயிலடி, கொக்குவில் கிழக்கு என்று எழுதிய கடிதங்களை வாழ்நாள் முழுக்க ஒழுங்காக வாங்கியவர், வெள்ளைக்காரன் ஊருக்கு வந்ததும் இலக்கத்தைத் தேடினார். லண்டனுக்குள் செவன் கிங்ஸில் பெரியம்மாவின் மகள் கமலாம்பிகை அக்காவின் வீடு, நாற்பத்தேழாம் இலக்கம். அறை மாறி அறை மாறித் திரிகிற ஒன்பது ஆண்களுக்கு அந்த வீடுதான் நிரந்தர விலாசம். அம்பலவாணன் பத்தாவது ஆள்.

அக்காவிடம் ஒரு முறை இருந்தது. அரசாங்கக் கடிதம் வந்தால் மேசையில் போடமாட்டா. குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்து மாடத்தைத்தான் சாமித்தட்டாக்கி, சிவப்புத் திரை போட்டிருந்தா. கடிதத்தைக் கொண்டுபோய் அங்கே பிள்ளையாரின் காலடியில் வைப்பா. உரியவன் வந்து, முகம் கழுவி, திருநீறு பூசி, கும்பிட்டுவிட்டு உடைக்கவேண்டும். இரண்டு பேருக்கு அப்படி விசா கிடைத்துவிட்டது. அதன் பிறகு அந்த முறையை மாற்ற யாருக்குத் துணிவு வரும்?

1995 தை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, அம்பலவாணனின் பெயருக்குக் கடிதம் வந்தது. அக்கா அதைப் பிள்ளையாரிடம் வைத்தா. மத்தியானம் கொழும்பிலிருந்து ரெலிபோன். அக்காவின் புருஷன் இராஜேந்திரனின் தகப்பனார் ஊரில் காலமாகிவிட்டார். வீட்டுக்குத் துடக்கு. அக்கா அழுதபடியே மாடத்தின் திரையை இழுத்து மூடினா. முப்பத்தொரு நாளைக்கு விளக்கில்லை, பூசையில்லை, அந்தப் பக்கம் கையே போகக்கூடாது. கடிதம் திரைக்குப் பின்னால் போய்விட்டது. அக்காவின் நினைவிலிருந்தும் போய்விட்டது.

அம்பலவாணனுக்குச் செய்தி தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பத்து மணிக்கு அக்கா ரெலிபோன் பெட்டிக்கு அடிப்பது வழக்கம். அன்று அவ சாவைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு கேட்டு, பஸ் பிடித்து, ரயில் மாறி, மத்தியானம் செவன் கிங்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு நிறையச் சனம். இராஜேந்திரன் சவரம் செய்யாத முகத்தோடு மூலையில் இருந்தார். அம்பலவாணன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அவருடைய முதுகு சரியாகச் சிவப்புத் திரையோடு முட்டிக்கொண்டிருந்தது.

கேட்க நினைத்தார். நினைக்காமல் இருப்பாரா? ‘அக்கா, எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ?’ என்ற கேள்வி நாலைந்து தரம் தொண்டை வரை வந்தது. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது வாயைத் திறந்தேவிட்டார். ஆனால் அப்போதுதான் வாசலில் இன்னொரு பெண் வந்து அக்காவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள். செத்த வீட்டுக்குப் போய்த் தன்னுடைய அலுவலைக் கேட்கிறவன் மனுஷனா? நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? அம்பலவாணன் வாயை மூடிக்கொண்டார். இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, வழக்கப்படி யாரிடமும் ‘போயிட்டு வாறன்’ சொல்லாமல் எழும்பிப் போனார். அப்போது பத்து நாளில் இரண்டு நாள் மிச்சமிருந்தது.

அவருடைய கண்ணியத்தை மெச்சுவதா, அவரைப் பிடித்து உலுக்குவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. இந்தக் கண்ணியம் யாருக்கு என்ன நன்மை செய்தது?

அடுத்து வந்த ஞாயிறுகளிலும் ரெலிபோனில் அக்காவின் அழுகையைத்தான் கேட்டார், கடிதத்தைக் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் ஒரு புதன்கிழமை. விக்லியில் புதன்கிழமை பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை, வாழைப்பழமும் தேசிக்காயும் வாங்கிக்கொண்டு அம்பலவாணன் போய் மணியடித்தார். கதவைத் திறந்த கமலாம்பிகை அக்காவின் கையில் கடிதம் இருந்தது. வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று அன்று காலைதான் வீடு கழுவி, திரையை விலக்கி, விளக்கேற்றப் போயிருக்கிறா.

“தம்பி, இது எப்ப வந்ததெண்டு எனக்கு ஞாபகமில்லையடா. செய்தி வந்த அண்டைக்கு எண்டுதான் நினைக்கிறன். நீ பிறகு துக்கத்துக்கு வந்தனீ, கேட்டிருக்கலாமே!”

“செத்த வீட்டில எப்பிடியக்கா கேக்கிறது?”

அக்கா கடிதத்தை நீட்டினா. அவர் முகம் கழுவவில்லை, திருநீறு பூசவில்லை. நின்ற நிலையிலேயே உடைத்தார். மறுப்புக் கடிதம். பத்து நாள் என்ற வரியைக் கச்சேரிக் கண் உடனே கண்டுபிடித்தது. திகதியைப் பார்த்தார். விரலை மடித்து எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை. வாழைப்பழச் சீப்பைப் படியில் வைத்துவிட்டு அப்படியே குந்திவிட்டார்.

அன்றைக்கே ஈஸ்ட் ஹாமுக்கு ஓடினார். அவருடைய சட்டத்தரணி வேதவல்லி மதுரைக்காரி, கெட்டிக்காரி. கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நீங்க இருக்கிற வீட்டுக்குத் தபால் வராதா சார்?”

“வரும். ஒவ்வொரு நாளும் காலமை ஏழேகாலுக்கு. தபால்காரன் கென்னுக்கு என்னைத் தெரியும், பேர் சொல்லித்தான் கூப்பிடுவான்.”

“அப்புறம் ஏன் அந்த அட்ரஸைக் குடுக்கலை?”

“வீட்டுக்கு நம்பர் இல்லை.”

வேதவல்லி கடிதத்தை மேசையில் வைத்தாள். “இங்க பாதி கிராமத்துல வீட்டுக்கு நம்பர் கிடையாது சார். அது அவங்களுக்கே தெரியும்” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்தாள். பிந்தியதற்குக் காரணம் எழுதவேண்டும். துடக்கு என்றால் என்னவென்று இங்கிலிஷில் ஒரு பக்கம் எழுதினாள். மரணம் நடந்த வீட்டில் சாமிபடத்தருகே போவதில்லை. துக்கத்துக்குப் போனவர் சொந்த விஷயம் கேட்பதில்லை. அவளே படித்துப் பார்த்துவிட்டு, “நமக்குப் புரியுது. அவங்களுக்கு எப்படிப் புரியும்னு தெரியல” என்றாள். அம்பலவாணனுக்குத் தெரிந்தது. கச்சேரி மேசைக்கு அந்தப் பக்கத்தில் தான் இருந்து இந்தக் காரணத்தைப் படித்திருந்தால் ஓரத்தில் என்ன எழுதியிருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் விக்லி அவருக்கு வேறு ஊராகத் தெரிந்தது. காலை ஏழேகாலுக்குக் கென் சைக்கிளில் பெற்றோல் நிலையத்தைக் கடந்து போய்ப் பழைய பட்டறையில் மிஸ் ஓல்டஸின் கடிதங்களைப் போடப் போவதை ஒவ்வொரு நாளும் பார்த்தார். அந்தத் தபால் பையை உற்றுப் பார்ப்பது ஒரு வியாதியாகிவிட்டது. சில நாள் பம்பில் காத்திருக்கிறவர்கள் ஹோர்ன் அடித்தபிறகுதான் தன்னினைவு வரும்.

மிஸ் ஓல்டஸ் ஊரின் சரித்திரத்தைச் சிறு புத்தகமாக எழுதி, ஊர் மண்டபத்துக் கூரை நிதிக்காக விற்றுக்கொண்டிருந்தாள். அம்பலவாணனுக்கு ஒன்றைச் சும்மா கொடுத்தாள். கொள்ளைநோயில் ஊரில் பாதிப் பேர் செத்தது, தேவாலய மணி இரண்டு தரம் வெடித்தது, முதல் உலக யுத்தத்துக்குப் போன பத்தொன்பது பேரில் எட்டுப் பேர் திரும்பாதது என்று எல்லாம் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பக்கத்தில் ஒரு செய்தி. அந்தக் காலத்தில் ஊரில் பிறக்காத ஏழைகளை ஊர்ச்சபை வைத்திருக்காதாம். ஒரு பெண்ணையும் அவளுடைய கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றிப் பக்கத்து ஊரெல்லையில் இறக்கிவிட்டார்கள். வண்டிக்காரனுக்குப் பியர் வாங்கிக் கொடுத்த விவரம் வரை பதிவாகியிருந்தது, அவளுடைய பெயர் மட்டும் இல்லை. அம்பலவாணன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதன் பிறகு திறக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பதில் வந்தது. காரணம் ஏற்றுக்கொள்ளத்தக்கதாக இல்லை. நாட்டைவிட்டு வெளியேற ஆயத்தமாக இருக்கவேண்டும். வேதவல்லி இன்னும் இரண்டு கதவுகளைத் தட்டிப் பார்க்கலாம் என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. அம்பலவாணன் ரெலிபோன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொழும்பு லொட்ஜுக்கு அடித்தார். தேவாலயம் விட்டு வந்த சனம் தொப்பியும் கோட்டுமாகக் குளத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் அவரைக் கண்டு கையசைத்தாள். அவரும் கையசைத்தார்.

மனேச்சர் கூப்பிட்டு, செல்வமலர் படியிறங்கி ஓடிவந்து, மூச்சு வாங்க “இஞ்சாருங்கோ” என்றாள். இந்த இரண்டு மாதமும் அவளுக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தவர், இன்று எல்லாவற்றையும் கொட்டினார். இலக்கமில்லாத வீடு, திரை, முதுகில் முட்டிய மாடம், இரண்டு நாள். அவள் திட்டவேண்டும் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார். ‘உங்களுக்கு மூளை இருக்கோ?’ என்று ஒருதரம் கேட்டால் போதும், நெஞ்சில் இருக்கிற பாரம் கொஞ்சம் குறையும்.

அவள் திட்டவில்லை. “செத்த வீட்டில எப்பிடிக் கேக்கிறது? நீங்கள் செய்தது சரிதான். நானெண்டாலும் கேட்டிருக்க மாட்டன்” என்றாள்.

அம்பலவாணன் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“இஞ்சை லொட்ஜில பொலிஸ் பதிவு இந்த மாதத்தோட முடியுது. இனி வைச்சிருக்க ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம். வதனாவையும் கூட்டிக்கொண்டு நான் ஊருக்குப் போறன்.”

“அங்கை திரும்பவும் சண்டை தொடங்கியிட்டுதெல்லே.”

“ஓம். தெரியும். வேறை எங்கை போறது, சொல்லுங்கோ?”

போகாதேயும் என்று சொல்ல வாய் திறந்தார். போகவேண்டாம் என்றால் எங்கே இருக்கச் சொல்வது? இங்கே வா என்று சொல்ல அவருக்கு ஒரு நாடு இல்லை. கொழும்பில் இரு என்று சொல்ல ஒரு அறை இல்லை. அந்தப் பக்கத்தில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருக்கிற மூச்சு அவருக்குக் கேட்டது.

“அப்ப ரெண்டு பேரும் கவனமாப் போங்கோ” என்றார் அம்பலவாணன்.