வாசலில் போட்ட மூன்று கையெழுத்து

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று சொந்தப் பட்டறை இருக்கிறது, அதன் மேலேயே மாடி வீடும் இருக்கிறது. என் கையால் பிரித்துக் கட்டிய லாரி எஞ்சின் ஒன்றுகூட நடுவழியில் படுத்ததில்லை. அதற்கு ஒரே காரணம், புதிதாகக் கட்டிய எஞ்சின் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப என்னிடம் வந்தாக வேண்டும். சூட்டில் இளகிய போல்ட்டை நானே முடுக்குவேன். வராத டிரைவரை வீடு தேடிப் போய்த் திட்டியிருக்கிறேன்.

இரும்புக்கே இந்தக் கவனிப்பு. பிள்ளை பெற்றவளுக்கு என்ன நடக்கிறது என்று இந்த வயதில்தான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் பைக்காரம்மா.

அவர் சுகாதார நிலையத்து நர்ஸ். பிரசவம் ஆன வீடுகளுக்கு மூன்று தடவை போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவர் வேலை. வந்து போனதற்கு அவர் அட்டையில் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய ஸ்கூட்டர், தோளில் காக்கிப் பை. பைக்குள் தூக்குத் தராசு, பிரஷர் பார்க்கும் கருவி, காய்ச்சல் பார்க்கும் குச்சி. அதனால் தெருவுக்கு அவர் பைக்காரம்மா.

என் மருமகளுக்குப் பிரசவம் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில். ஊருக்குள் இருப்பதிலேயே உசத்தி எதுவோ அதில்தான் சேர்ப்பேன் என்று நின்றவன் நான். பேத்தி பிறந்தாள். மறுநாள் மத்தியானமே, "பெட் வேணும், கிளம்புங்க" என்றார்கள். ஆறு வாரம் கழித்து வரச் சொல்லி ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

ஆறாம் நாள் காலையில் பைக்காரம்மா வாசலில் வந்து நின்றார். நான் கேட்டைப் பாதிதான் திறந்தேன்.

"நாங்க பெரிய ஆஸ்பத்திரியில பார்த்துட்டோம்மா. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்? அட்டையக் கொடுங்க."

வாங்கி, மூன்று வருகைக்கும் சேர்த்து மூன்று கட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. அரசாங்க நர்ஸ் என் வீட்டுக்குள் வந்து என்ன பார்த்துவிடப் போகிறார் என்ற திமிரும் இருந்தது, மறைப்பானேன்.

அவர் பேனாவை எடுத்து மூன்றையும் குறுக்கே அடித்தார்.

"ஐயா, உங்க கையெழுத்தப் பார்த்து பிரஷர் தானா குறையுமா? நகருங்க."

எனக்கு முன்னால் நின்று இப்படிப் பேசியவர் இதுவரை யாரும் இல்லை. நகர்ந்தேன்.

என் வீட்டுக்காரி பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "பாருங்க சிஸ்டர், எப்படி கொழுகொழுன்னு இருக்கா!"

"ராஜாத்தி இருக்கட்டும். அவளப் பெத்தவ எங்க?"

மருமகள் உள்அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு நாளாகத் தலைவலி. தூக்கம் கெட்டதால்தான் என்று வீடே தீர்ப்பு எழுதியிருந்தது. பைக்காரம்மா போர்வையை விலக்கி முதலில் அவள் பாதத்தை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, விழுந்த குழி எழவில்லை.

"கண்ணு எப்படிம்மா இருக்கு?"

"பூச்சி பறக்கற மாதிரி இருக்கு சிஸ்டர். வெளிச்சம் ஆகல."

"இத யாருகிட்டயும் சொல்லலையா?"

"எல்லாரும் பாப்பாவத்தானே கேட்டாங்க."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. பைக்காரம்மா பிரஷர் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். நூற்றெழுபதுக்கு மேல். என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள்: "பிள்ள பெத்தவளுக்குத் தலைவலி வராதா சிஸ்டர்?"

"வரும்மா. இந்தத் தலைவலிக்கு அடுத்தது வலிப்பும் வரும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்கல்ல சார், ரிவ்யூ தேதியில வாங்க" என்றது ஒரு குரல். வாய் கூசவில்லை அந்தப் பெண்ணுக்கு. பைக்காரம்மா போனைப் பிடுங்கி, "அவசர வார்டுல இடம் வைங்க, வந்துக்கிட்டே இருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

காரில் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்று அவர் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. மருந்து ஏறி, பிரஷர் இறங்கும்வரை வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை நழுவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதே டாக்டர்தான் பிரசவத்துக்கு மறுநாளே வீட்டுக்கு அனுப்பியவர். அனுப்புமுன் பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஃபைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வாசலில்தான் பைக்காரம்மா தன்னைப் பற்றிச் சொன்னார். ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்தவராம்.

"பிள்ளையோட சிரிச்சிக்கிட்டே கேட்டத் தாண்டிப் போவாங்க ஐயா. அதுல சில பேரு பத்து நாள்ல ஸ்ட்ரெச்சர்ல வருவாங்க. எனக்குத் தெரிஞ்ச முகமா இருக்கும். கையில துடைப்பத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? அதான் படிச்சேன்."

நானும் கீழேயிருந்து வந்தவன்தான். ஆனால் நான் ஏறியது எனக்காக.

அடுத்த வாரம் அவருக்கு மெமோ. அன்றைக்குப் பார்க்க வேண்டிய பதினோரு வீடு விட்டுப்போயிற்றாம். கேட்டதும் அவர் அலுவலகத்துக்குப் போனேன். மேலதிகாரி எனக்கு நாற்காலி போட்டார்.

"ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம்தான் சார். ஒரே கேஸோட போய் உட்கார்ந்தா எப்படி? நீங்க பெரிய மனுஷர். அந்தப் பதினோரு வீட்டுலயும் அன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுங்க, மெமோவ மூடிடலாம்."

என் சொல்லுக்கு அரை மணியில் பதினோரு கையெழுத்தும் கிடைத்திருக்கும். எழுந்தேன். ஓரமாக நின்ற பைக்காரம்மா தடுத்தார்.

"வேணாம் ஐயா. போகாத வீட்டுக்குப் போனதா எழுதினா, அவங்களப் பார்த்தாச்சுன்னு ஆயிடும். அப்புறம் யாரு போவா? மறுநாள்ல இருந்து நானே போய்க்கிட்டுத்தான் இருக்கேன். நான் போன அன்னைக்குத் தேதியத்தான் போடுவேன்."

"அப்ப மெமோ நிக்கும்மா" என்றார் அதிகாரி.

"நிக்கட்டும் சார்."

மெமோ நிற்கிறது. ஒரு உயிரைக் காப்பாற்றியவருக்குத் தண்டனை. பிரஷர்கூடப் பார்க்காமல் அனுப்பியவர்களுக்குச் சலாம் போடும் வாட்ச்மேன். இரண்டு இடத்துக்கும் என் கோணல் எழுத்தில் மனு போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை விடமாட்டேன். விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

மருமகள் வீடு திரும்பியபின் பைக்காரம்மா மறுபடி வந்தார். கேட்டை முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரி வழக்கம்போலப் பேத்தியை நீட்டினாள்.

"அவள அப்புறம் கொஞ்சலாம்டி, வழிய விடு. சிஸ்டர், அவ உள்ள இருக்கா" என்றேன்.

பார்த்து முடித்து வெளியே வந்ததும் அட்டையை நீட்டினார். முதல் கட்டத்தில் அந்த ஆறாம் நாளுக்கு ஏற்கனவே போட்டுக் கொடுத்திருந்தேன். அடித்த கையெழுத்துக்குக் கீழே, இரண்டாம் கட்டத்தில், அன்றைய தேதி மட்டும் போட்டுக் கையெழுத்திட்டேன். மூன்றாம் கட்டத்தை அவர் வரும்வரை காலியாக விட்டேன்.