நெடுந்தீவுச் சேர்வருக்கு எந்தக் கிளை

புதிதாக எதைக் கண்டாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. நெடுந்தீவு மீனவர் சங்கத்துச் சேர்வர் கணினிக்கு இயங்குதளம் போட்டபோதும் அப்படித்தான். அந்த இயங்குதளத்தில் இரண்டு கிளைகள், அதாவது இரண்டு பதிப்பு வரிசைகள், இருந்தன. ஒன்று பழையது, நிதானமானது. ஐந்து வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். மற்றது புத்தம் புதியது. ஒன்பது மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள். வேலணையில், என் வீட்டு மேசையில், புதியது வேகத்தில் பறந்தது. அதையே போட்டேன். ஒன்பது மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

அந்தச் சேர்வருக்கு ஒரே வேலை. கடலுக்குப் போகிறவர்கள் புறப்படும்போது கைபேசியில் ஒரு செய்தி அனுப்புவார்கள். சேர்வர் படகின் பெயரைப் பட்டியலில் குறித்துக்கொள்ளும். கரை திரும்பியதும் இன்னொரு செய்தி, பெயர் நீங்கிவிடும். பொழுது சாயும்போது பட்டியலில் யாராவது மிஞ்சினால் சங்கச் செயலாளர் தேடுவதற்குப் படகு அனுப்புவார். திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் அந்தப் பட்டியலை விட்டுவைக்க எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் இருந்தபடியே அடுத்த புதிய கிளைக்கு ஏற்றிவிடலாம்தான். ஆனால் ஒன்பது மாதத்தில் திரும்பவும் இதே கூத்து. நீண்டகாலக் கிளைக்குப் போவதென்றால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போடவேண்டும். அதற்கு நேரில் போகாமல் முடியாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் பயணப் படகு ஓடுமோ ஓடாதோ, அதற்கு முன்பே போய்விட முடிவெடுத்தேன்.

முதல் நாள் மாலை சேர்வரின் தரவுகளை வீட்டுக்கு இறக்கிப் பிரதி எடுத்தேன். மறுநாள் காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினேன். சங்க அலுவலகத்தில் செயலாளர் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, பட்டியல் ஒண்டும் அழிஞ்சு போகாதோ?"

"இல்லை அண்ணை. எல்லாத்துக்கும் பிரதி எடுத்தனான்."

ஒன்பதரைக்கு அழித்தேன். மதியத்துக்குள் நீண்டகாலக் கிளை எழும்பிவிட்டது. பிரதியை ஏற்றிப் பட்டியலைத் திறந்தேன். கடலில் யாருமில்லை என்று காட்டியது.

வேலை சுத்தமாக முடிந்ததென்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகுதான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கரையில் படகுகளைக் காணவில்லை. என் பிரதி நேற்று மாலை எடுத்தது. மீனவர்கள் புறப்பட்டதோ இன்று விடியுமுன்; அவர்கள் அனுப்பிய செய்திகளை ஒன்பதரைக்கு நானே அழித்துவிட்டேன். என் நாள் ஒன்பது மணிக்குத் தொடங்குவதால் எல்லாருடைய நாளும் அப்போதுதான் தொடங்குகிறது என்று நினைத்த மடைச்சி நான்.

செயலாளரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை, அது ஏச்சைவிடப் பயமாக இருந்தது. "சரி, எழுதுவம்" என்று ஒரு கொப்பியை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, வீடு வீடாக விசாரிக்க ஆள் அனுப்பினார். பெண்கள் அலுவலகத்துக்கே வந்து படகுகளின் பெயரைச் சொன்னார்கள்.

"இவர் நாலு மணிக்கே வெளிக்கிட்டவர் தங்கச்சி. எழுதிப் போட்டீரோ?"

ஒவ்வொருவருக்கும் எழுதியதைக் காட்டினேன். மொத்தம் பதினான்கு படகுகள்.

பின்னேரம் காற்று பலத்தது. இறங்குதுறையில் நின்று, வந்த படகுகளின் பெயரைக் கொப்பியில் ஒவ்வொன்றாக வெட்டினேன். பதின்மூன்றுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. கடைசியில் பதினான்காவதும் வந்தது.

"எல்லாரும் வந்திட்டினம்," என்று செயலாளர் மூச்சு விட்டார். "நீர் போய்த் தேத்தண்ணி குடியும்."

கொப்பியை மூடும்போது இன்னொரு படகு வந்தது. அதில் இரண்டு பேர். மீன்பிடிக் காலத்துக்கு வேறு ஊரிலிருந்து வந்து கரையோர வாடிக் குடிசையில் தங்கியிருப்பவர்கள். அவர்கள் பெயரைச் சொல்ல இங்கே ஒரு வீடும் இல்லை. இரண்டு பேரும் உப்பில் வெளுத்துப்போய் இருந்தார்கள்.

"எஞ்சின் நிண்டுபோச்சு அக்கா. இப்பதான் ஒருமாதிரித் திருத்திக்கொண்டு வாறம்," என்றார் மூத்தவர். "ஆனால் பயப்பிடேல்லை. காலமை செய்தி போட்டனாங்கள்தானே, எப்பிடியும் தேடி வருவியள் எண்டு இருந்தனாங்கள்."

கொப்பியைத் திறந்து, படகின் பெயர் என்ன என்று கேட்டேன்.